வைராக்கியம் போதாது, வரவு செலவும் தெரிய வேண்டும்

பாலைவனத்தில் பல நாள் ஓடும் அல்ட்ரா மாரத்தான் பற்றிப் பேச்சு எடுத்தாலே கேட்பவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு அணிக்கு அது பைத்தியக்காரத்தனம். காசு கொடுத்து வெயிலை விலைக்கு வாங்கும் வேலை. இன்னொரு அணிக்கு அது மன உறுதியின் உச்சம். மனது வைத்தால் உடம்பு எதையும் தாங்கும் என்பதற்கு அத்தாட்சி. எதிரெதிர் அணிகள்போலத் தெரிந்தாலும் இரண்டு பேரும் நம்புவது ஒன்றைத்தான்: அங்கே ஓடுகிறவர் உடம்பு சொல்வதைக் காதில் வாங்காமல் ஓடுகிறார் என்று. அதற்காக ஒருவர் திட்டுகிறார், மற்றவர் கைதட்டுகிறார். என் கட்சி வேறு. இந்தப் போட்டியின் விதிகளையும் இதுவரை நடந்தவற்றையும் பொறுமையாகப் பார்த்தால், இது முதலும் முடிவும் ஒரு வரவு செலவுக் கணக்கு. கலோரி, தண்ணீர், உப்பு, பாதத்தின் தோல், தூக்கம் எல்லாமே கையிருப்பு. அதை அளந்து செலவழிக்கத் தெரிந்தவர் கடைசிக் கோடு வரை போகிறார். வீம்புக்குச் செலவழித்தவர் மூன்றாம் நாளே கையை விரிக்கிறார்.

ஆதாரத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த போட்டியையே எடுத்துக்கொள்வோம்: மொராக்கோவின் தெற்கே, சஹாராவில் நடக்கும் மாரத்தான் தே சாப்ல். இதன் பிறப்பே ஒரு சுமைக் கணக்கில்தான் இருக்கிறது. பிரான்சைச் சேர்ந்த பாட்ரிக் பாவர் 1984-ல் சுமார் 350 கிலோமீட்டர் சஹாராவைத் தனியாக 12 நாளில் நடந்து கடந்தார். தண்ணீர், சாப்பாடு எல்லாம் சேர்த்து முதுகில் ஏறக்குறைய 35 கிலோ. அந்த அனுபவத்தை மற்றவர்களும் பெறட்டும் என்று 1986-ல் முதல் போட்டியை நடத்தினார். வந்தவர்கள் 23 பேர். இப்போது பல நூறு பேர் வருகிறார்கள். நெடுநாளாக நடந்துவந்த வடிவம் இதுதான்: சுமார் 250 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு வாரம், ஆறு கட்டங்கள், அதில் ஒன்று மட்டும் 80 கிலோமீட்டரைத் தாண்டும் நெடுங்கட்டம். அமைப்பாளர்கள் தருவது தண்ணீர், படுக்கக் கூடாரம், மருத்துவ உதவி. மற்றதெல்லாம் அவரவர் முதுகில். தண்ணீர் நீங்கலாகப் பையின் எடை 6.5 கிலோவுக்குக் குறையக் கூடாது, 15 கிலோவைத் தாண்டவும் கூடாது. சாப்பாடு நாளொன்றுக்குக் குறைந்தது 2,000 கலோரி இருக்க வேண்டும் என்று புறப்படும் முன்பே பையைத் திறந்து பார்க்கிறார்கள். திசைகாட்டி, விசில், சமிக்ஞைக் கண்ணாடி, விஷம் உறிஞ்சும் பம்ப் என்று கட்டாயப் பொருள் பட்டியல் ஒன்றும் உண்டு. ஓட்டப்பந்தய விதிகளா, ரேஷன் கடை விதிகளா என்று சந்தேகம் வரும். எனக்கு அந்தச் சந்தேகமே பதில்.

அந்தப் பையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக உடைத்துவிட்டு வருகிறார்கள். உறைய வைத்து உலர்த்திய உணவைக் கம்பெனி பாக்கெட்டில் இருந்து பிரித்து மெல்லிய ஜிப் கவருக்கு மாற்றுகிறார்கள்; பாக்கெட்டுக்குப் பத்து, பதினைந்து கிராம் மிச்சம். பையின் வார் நீளமாகத் தொங்கினால் அதையும் கத்தரிக்கிறார்கள். சாப்பாட்டை ருசி பார்த்து எடுப்பதில்லை, ஒரு கிராமுக்கு எத்தனை கலோரி என்று பார்த்துத்தான் எடுக்கிறார்கள். வேகவைத்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி. வறுத்த நிலக்கடலை 100 கிராமில் 570-க்கும் மேல். முதுகில் சுமக்கிறவருக்கு எது லாபம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஐந்தாம் நாள் வாய் வறண்டு குமட்டும்போது கடலை தொண்டைக்குள் இறங்குமா என்பது வேறு கேள்வி. இறங்காத 570 கலோரியின் மதிப்பு பூஜ்யம், சுமந்த எடை மட்டும் நட்டம். ஆகவே அனுபவசாலிகள் கொஞ்சம் எடை கூடினாலும் உப்பும் புளிப்புமாக நாக்குக்குப் பிடித்த ஒன்றிரண்டைக் கடைசி நாட்களுக்கென்று ஒதுக்கிவைக்கிறார்கள். ஸ்பூன் எடையைக் கூடக் கணக்குப் பார்ப்பவர்களைக் கேலி செய்வது எளிது. கூடுதலாக ஒரு கிலோ என்றால், 250 கிலோமீட்டர் தூரத்துக்கும் அதை ஒவ்வோர் அடியிலும் தூக்கி வைக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் கேலி அடங்கிவிடும்.

பையில் உள்ள கணக்கை விட முக்கியமானது உடம்புக்குள் இருக்கும் கணக்கு. சமதரையில் ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவு என்பது பொதுவான மதிப்பீடு. 70 கிலோ ஆள், 10 கிலோ பை, 40 கிலோமீட்டர் என்றால் 3,200 கலோரி. மணலில் இன்னும் கூடும். உயிரோடு இருப்பதற்கே ஆகும் அன்றாடச் செலவு தனி. உள்ளே போவது 2,000 அல்லது 3,000. தினமும் பற்றாக்குறை பட்ஜெட்தான். பற்றாக்குறையை ஈடுகட்ட உடம்பில் இரண்டு இருப்பு உண்டு. கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு சிறியது. சுமார் 2,000 கலோரிக்கு மேல் தேறாது. கொழுப்பு இருப்பு பெரியது. ஒல்லியான ஆளிடம் கூடப் பல்லாயிரம் கலோரி இருக்கும். வேகமாக ஓடினால் உடம்பு சின்ன இருப்பில் இருந்து அதிகம் எடுக்கிறது. நிதானமாகப் போனால் பெரிய இருப்பில் இருந்து எடுக்கிறது. முதல் நாள் உற்சாகத்தில் பாய்ந்து ஓடுகிறவர் சின்ன இருப்பை ஒரே நாளில் துடைத்துவிடுகிறார். இரவில் 600 கலோரிச் சாப்பாட்டால் அதை நிரப்பவும் முடியாது. முதல் நாள்தான் பையும் அதிக கனம். சாப்பிடச் சாப்பிடத்தான் இறங்கும். சுமை கூடுதலாக இருக்கும் நாளில் வேகத்தையும் கூட்டுவது எந்தக் கணக்கிலும் வராது. ஆனாலும் வருடா வருடம் நடப்பது அதுதான், ஏனென்றால் அன்றைக்குத்தான் கால் சுகமாக இருக்கிறது.

போட்டியின் கால வரம்பும் இதையே சொல்கிறது. கூட்டத்தின் கடைசியில் ஒட்டகங்கள் வரும். அவை உங்களைத் தாண்டிப் போய்விட்டால் போட்டி முடிந்தது. அந்த ஒட்டகங்கள் ஓடுவதில்லை, நடக்கின்றன. 80 கிலோமீட்டரைத் தாண்டும் நெடுங்கட்டத்துக்குத் தரப்படும் நேரம் ஒரு பகல், ஓர் இரவு, மறுநாளின் பெரும்பகுதி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு மூன்று கிலோமீட்டர் கூட வராது. காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வேகம். அப்படியானால் ஏன் ஆட்கள் விழுகிறார்கள்? வேகம் போதாமல் விழுபவர்களை விட, போதுமான வேகத்தைத் தொடர முடியாதபடி உடம்பை முன்பே கெடுத்துக்கொண்டு விழுபவர்கள்தான் அதிகம். வாந்தி, கொப்புளம், நீரிழப்பு, வெப்பச் சோர்வு என்று காரணங்களின் பட்டியலைப் பாருங்கள். மூச்சு வாங்கியது என்று யாரும் வெளியேறுவதில்லை.

கொப்புளம் என்றால் நமக்குச் சின்ன விஷயம். அங்கே அதுதான் முதல் எதிரி. சஹாரா என்றதும் மணல்மேடு மட்டும் கண்ணில் வருகிறது. வழியில் பாதிக்கு மேல் கல்பரப்பும் வறண்ட ஏரிப்படுகையும் மொட்டைக் குன்றும்தான். கூர்மையான கல்லும் மாவுபோன்ற மணலும் மாறி மாறி வரும். வெப்பத்தில் பாதம் வீங்கும் என்பதால் ஷூவை வழக்கத்தை விடப் பெரிதாக வாங்க வேண்டும். அதன் விளிம்பைச் சுற்றி வெல்க்ரோ பட்டை தைத்து, அதில் பாராசூட் துணியில் செய்த கெய்ட்டர் என்ற கால் உறையை ஒட்டி முழங்கால் வரை இழுத்துக் கட்டுகிறார்கள். தையலில் ஒரு விரல்கடை இடைவெளி விட்டால் போதும், மணல் உள்ளே போய் உப்புத்தாள்போல வேலை செய்யும். மாலையில் மருத்துவக் கூடாரத்தின் முன் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் பாதங்களைப் பார்த்தால் யார் தையற்காரரிடம் போனார், யார் பசை வைத்து ஒட்டிச் சமாளித்தார் என்று தெரிந்துவிடும். கொப்புளத்தோடு நடப்பவர் வலிக்காத பக்கமாகப் பாதத்தைச் சாய்த்து வைக்கிறார். இரண்டு நாளில் முழங்கால் போகிறது, பிறகு இடுப்பு. அசட்டையாக விட்ட ஒரு தையல் நான்காம் நாள் வட்டியோடு வசூலாகிறது. இதில் வைராக்கியம் செய்யக்கூடியது என்ன? வலியோடு இன்னும் கொஞ்சம் தூரம் நடக்க வைக்கும், அவ்வளவுதான்.

தண்ணீர்க் கணக்கு இதை விடச் சிக்கலானது, ஏனென்றால் இரண்டு பக்கமும் பள்ளம். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகிறது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஓடுகிறவருக்கு வியர்வை சொட்டுகிறது. சொட்டுகிற வியர்வை குளிர்விக்காது. உலர்ந்த பாலைக் காற்றில் அது அப்போதைக்கப்போதே ஆவியாகிறது, உடம்பு நன்றாகக் குளிர்கிறது. நம்மூர் ஓட்டக்காரருக்கு இது சாதகம்தான், ஆனால் அதிலேயே ஆபத்தும் இருக்கிறது. சட்டை நனையாததால் எவ்வளவு இழந்தோம் என்றே தெரியாது. சட்டையில் பூத்த வெள்ளை உப்புத்தான் ரசீது. சரி, பயந்து நிறையக் குடித்துவிடலாமா? அதுவும் கூடாது. உப்பு இல்லாமல் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. அந்த ஆய்வு 2005-ல் வெளியானது. அது சில மணி நேர ஓட்டம், குளிர்ந்த ஊர். இங்கே பல நாள். வெயிலுக்குப் பழக்குவதற்கும் குறுக்கு வழி கிடையாது: பத்துப் பதினான்கு நாள் தொடர்ந்து வெப்பத்தில் உழைத்தால்தான் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, வியர்வை சீக்கிரம் தொடங்கி, அதில் போகும் உப்பு குறைகிறது. குளிர் நாட்டுக்காரர்கள் அதற்காகப் போட்டிக்கு முன் சானா அறையில் உட்காருகிறார்கள். அதை எந்தச் சபதமும் இரண்டு நாளில் செய்துவிடாது.

இனி, வைராக்கியக் கட்சியினர் அடிக்கடி எடுத்துக்காட்டும் கதைக்கு வருவோம். 1994 போட்டியில் மவுரோ ப்ரோஸ்பெரி என்ற இத்தாலியக் காவல்துறைக்காரர் நெடுங்கட்டத்தின்போது மணற்புயலில் சிக்கினார். வழி தவறி அல்ஜீரியாவுக்குள் போய்விட்டார். ஒன்பது, பத்து நாள் கழித்து, போட்டிப் பாதைக்கு மிகத் தொலைவில், எலும்பும் தோலுமாக மீட்கப்பட்டார். பாழடைந்த ஒரு தர்காவில் தங்கி வவ்வாலின் ரத்தத்தையும் தன் சிறுநீரையும் குடித்துப் பிழைத்திருந்தார். மன உறுதிக்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்பார்கள். கதையை முழுதாகப் பாருங்கள். புயல் வந்தால் இருக்கும் இடத்திலேயே நிற்க வேண்டும் என்பது ஓட்டக்காரர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. அவர் முன்னணியில் இருந்தார். இடம் போய்விடுமே என்று முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்து போனார். அவரைத் தொலைத்தது அந்த உறுதிதான். அவரைக் காப்பாற்றியது எது? பகலில் நிழலில் ஒதுங்கி, வெயில் தாழ்ந்த வேளையில் மட்டும் நடந்தது. பாலைவனவாசிகள் சொல்லியிருந்தபடி, காலையில் தொடுவானில் தெரியும் மேகத்தைக் குறிவைத்து ஒரே திசையில் போனது. உறுதி அப்போதும் இருந்தது. அது கணக்குக்குக் கீழ்ப்படிந்தபோது மட்டும் பலித்தது.

இங்கே முதல் ஆட்சேபம் வரும்: ஜெயிக்கிறவர்கள் நிதானமாகவா போகிறார்கள்? இல்லை. முதலிடம் பிடிப்பவர்கள் அந்த 250 கிலோமீட்டரைச் சேர்த்துப் பார்த்தால் இருபது மணி நேரத்தை ஒட்டி முடிக்கிறார்கள். மணலும் மலையும் முதுகில் பையுமாக மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்பது அசுர வேகம்தான். பிறவித் திறமையும் பயிற்சியும் இல்லாமல் அது நடக்காது; நான் மறுக்கவில்லை. ஆனால் ஜெயித்தவர்கள் யார் என்று கவனியுங்கள். மொராக்கோவின் ஸகோரா வட்டாரத்தைச் சேர்ந்த லாசன் அகன்சால் பத்து முறை, அவர் தம்பி முகமது ஐந்து முறை. பிறகு ரஷீத் எல் மொராபிதி என்று பட்டம் பல வருடங்களாக அந்த மண்ணிலேயே சுற்றுகிறது. உலகத்தில் இவர்களை விட வேகமான மாரத்தான் வீரர்கள் நிறையப் பேர் உண்டு. இவர்களுக்குக் கூடுதலாகத் தெரிந்தது மண். காற்று அடிக்கும் பக்கத்தில் மணல்மேடு சரிவாகவும் இறுகியும் இருக்கும். மறுபக்கம் செங்குத்தாக, காலை விழுங்கும் பொலபொலப்பாக இருக்கும். இறுகிய மணலில் அடி வைத்து மேட்டின் முதுகோடு போகிறவருக்கும், நேர்கோடு குறுக்குவழி என்று ஏறுகிறவருக்கும் ஒரே தூரத்துக்கு ஆகும் செலவு வேறு. வேகத்தின் உச்சத்திலும் சிக்கனம்தான் வித்தியாசம் காட்டுகிறது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. எல்லாம் கணக்கு என்றால், கணக்குப் பார்த்தவர்களும் ஏன் விழுகிறார்கள், ஏன் சாகிறார்கள்? 2021-ல் கொரோனாவால் ஏப்ரலில் இருந்து அக்டோபருக்குத் தள்ளிப்போன போட்டியில் வெப்பம் கடுமையாக இருந்தது. வயிற்று நோய் முகாம் முழுதும் பரவியது. புறப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முடிக்கவில்லை; ஒருவர் இறந்தும் போனார். அதே வருடம் மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென்று ஆலங்கட்டியும் உறைகுளிர்க் காற்றும் சேர, 21 பேர் உடல் குளிர்ந்து இறந்தார்கள். அந்த நாட்டின் தலைசிறந்த அல்ட்ரா வீரர் லியாங் ஜிங்கும் அவர்களில் ஒருவர். அது பல நாள் போட்டி இல்லை, கொன்றதும் வெயில் இல்லை. ஆனாலும் பாடம் இங்கேயும் செல்லும். அங்கே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் கட்டாயப் பொருள் பட்டியலில் இல்லை; எடுத்துவரலாம் என்ற பரிந்துரையில்தான் இருந்தது. லியாங் ஜிங்கின் திறமையும் உறுதியும் அந்த ஜாக்கெட்டின் வேலையைச் செய்யவில்லை. ஆறு பேரைக் காப்பாற்றியது அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வைத்திருந்த குகையும் நெருப்பும். எந்தக் கணக்கும் எல்லாவற்றையும் முன்கூட்டியே பிடித்துவிடாது என்பது உண்மை. ஆகவே கணக்கில் அவசரத்துக்கென்று ஒரு பங்கு எப்போதும் ஒதுக்கியிருக்க வேண்டும். அந்தப் பங்கைக் கரைத்தாக வேண்டிய கட்டம் வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். இது ஓட்டக்காரருக்கு மட்டுமல்ல, பட்டியல் தயாரிக்கும் அமைப்பாளருக்கும்தான்.

மூன்றாவது ஆட்சேபம், இதெல்லாம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்பது. நுழைவுக் கட்டணம், விமானம், சாமான் எல்லாம் சேர்த்தால் நம் பணத்தில் பல லட்சம். அதைக் கொடுத்து, அந்த வட்டாரத்து மக்கள் காலங்காலமாக வேறு வழியின்றி அனுபவிக்கும் வெயிலையும் தாகத்தையும் ஒரு வாரம் வாடகைக்கு எடுப்பதில் நெருடல் உண்டு. தண்ணீர் கொடுக்க ஆள், தேட ஹெலிகாப்டர், பையில் அவசரப் பொத்தான் என்று எல்லாம் இருக்கும்போது இது என்ன சாகசம் என்றும் கேட்கிறார்கள். சாகசம் இல்லை என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமே கிடையாது. பாலைவனத்தை வென்றேன் என்று பதிவு போடுகிறவரைப் பார்த்தால் எனக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் உதவி இருப்பதால் கணக்கு எளிதாகிவிடுவதில்லை. தண்ணீர் தருகிறார்கள், ஆனால் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றுதான் தருகிறார்கள். குப்பை போடாமல் இருக்கப் பாட்டிலில் ஓட்டக்காரரின் எண்ணையே எழுதித் தந்த காலமும் உண்டு. எட்டுக் கிலோ சாமானோடு ஒரு வாரம் வாழ்ந்து, எது தேவை, எது ஆசை என்று ஒவ்வொரு கிராமாகப் பிரித்துப் பார்ப்பது வசதி படைத்தவருக்கு வேறெங்கும் கிடைக்காத பயிற்சி. அந்தப் பயிற்சிக்கு இத்தனை லட்சம் தகுமா என்றால், அது அவரவர் பாக்கெட்டைப் பொறுத்தது. கோடைக்குக் கோடை தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நிற்பவருக்கு அது இலவசமாகவே தெரியும்.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சம்: அப்படியானால் மனதுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாம் கொண்டாடும் இடத்தில் இல்லை. வெப்பத் தாக்கு வரும்போது உடலின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டி, முதலில் தடுமாறுவது மூளை. தன் நிலைமையை எடைபோட வேண்டிய உறுப்பே பழுதாகும் நேரத்தில், இன்னும் ஒரு கிலோமீட்டர், இன்னும் ஒரு மேடு என்று தன்னைத்தானே விரட்டப் பழகிய ஆள்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார். மனம் கெட்டியாக இருக்க வேண்டியது அதற்கு முன்பு: எல்லோரும் தாண்டிப் போகும்போது முதல் நாள் தானும் வேகம் கூட்டாமல் இருக்க, பசியே இல்லாதபோதும் மாலையில் சாப்பிட்டு முடிக்க, வலி தொடங்கிய நிமிடமே ஷூவைக் கழற்றி மணலைக் கொட்ட. இதெல்லாம் போட்டோவில் விழாத உறுதி. இன்னொன்றும் உண்டு, விலகிக்கொள்ளும் உறுதி. முடிக்காதவர்களின் பெயருக்கு எதிரே போடும் டி.என்.எஃப். என்ற மூன்று எழுத்தைத் தோல்வியின் முத்திரையாகப் பார்க்கும் வழக்கம் ஓட்டக் குழுக்களில் இன்னும் இருக்கிறது. அதை மாற்றாதவரை, நாம் நம் ஆட்களைக் கணக்குக்கு எதிராகவே பழக்கிக்கொண்டிருப்போம்.

ஆகவே, இப்படி ஒரு போட்டிக்குப் போகலாமா என்று யோசிப்பவரிடம், வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்று நான் முதலில் கேட்க மாட்டேன். எந்தெந்த நிலை வந்தால் நிறுத்துவீர்கள் என்று கேட்பேன். சாப்பிட்டது எத்தனை மணி நேரம் வயிற்றில் தங்காவிட்டால், எவ்வளவு நேரம் சிறுநீர் வராவிட்டால், நடை எந்த வேகத்துக்குக் கீழே போனால் என்று ஓட்டக்கார நண்பரோடும் மருத்துவரோடும் உட்கார்ந்து முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். அங்கே போய் முடிவெடுக்க மூளை ஒத்துழைக்காது. பணம் கட்டும் முன் அந்தத் தாளை எழுத முடிந்தால் தாராளமாகப் போகலாம். நான் எதற்கும் நிற்க மாட்டேன் என்பதுதான் பதில் என்றால், அவருக்கு உறுதி தேவைக்கு மேலேயே இருக்கிறது. கட்டணப் பணத்தை இன்னும் ஒரு வருடம் வங்கியில் போட்டுவைத்து, அதற்குள் கணக்குப் பழகட்டும்.